அலகுப் பொருத்தம்

குஞ்சு வேன் வந்து நின்ற அந்தக் காலையில், அத்தப்பன் பண்ணையில் மூக்கு வெட்டும் மிஷினின் தகடு செக்கச்செவேலென்று காய்ந்து கிடக்க, வெட்டுக்காரப் பெண்கள் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு பலகையில் வரிசையாக உட்கார்ந்திருக்க, அவர்களுக்குத் தலைவியான பாவாயி முதல் பெட்டியைத் திறந்து, முதல் குஞ்சை அள்ளியெடுத்து, பழக்க தோஷத்தில் அந்தப் பக்கம் பார்க்காமலே கட்டைவிரலால் அதன் அலகைத் தேடியபோது, அலகு இருக்கவேண்டிய இடத்தில் ஒரு முகம் இருந்தது.

ஓணான் முகம் மாதிரி ஒரு முகம். மழுங்கலாக, மெத்தென்று, காதுவரைக்கும் ஓடுகிற வாயோடு, அந்த வாய்க்கு மேலும் கீழும் உதடு என்றே சொல்லத்தக்க எதுவோ ஒன்றோடு, உள்ளே எள்ளைவிடச் சின்னப் பற்களோடு இருந்தது. மற்றபடி அது குஞ்சுதான். மஞ்சள் பஞ்சும் ஈர்க்குச்சிக் கால்களும் கீச்சுக் குரலும் எல்லாக் குஞ்சுகளுக்கும் இருப்பது போலவே இருந்தன. பாவாயி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அது நாக்கை நீட்டி அவள் கட்டைவிரலை நக்கியது.

"ஏனுங்க டிரைவரு, இதுக்கு மூக்கு இல்லீங்களே" என்றாள்.

வேனிலிருந்து பெட்டிகளை இறக்கிக்கொண்டிருந்த மாதேசன் வந்து எட்டிப் பார்த்தான். மேட்டூர்ப் பக்கத்து ஆள். மோகனூரில் காவிரிக் கரையோரமாக ஓர் அறை எடுத்துத் தங்கிக்கொண்டு, குஞ்சு பொரிக்கிற ஹேச்சரியிலிருந்து பண்ணைகளுக்குக் குஞ்சு வேன் ஓட்டுகிறவன். "ஏத்தறப்ப பெட்டி மூடித்தானுங்க இருந்துச்சு. வழியெல்லாம் சத்தமே இல்லாம வந்துச்சுங்க. நல்ல கொணமான குஞ்சுகன்னு நெனச்சேன்" என்றான்.

கூண்டில் நெருக்கியடித்து வளரும் கோழிகள் ஒன்றையொன்று கொத்திப் புண்ணாக்கிக்கொள்ளும் என்பதற்காக, குஞ்சிலேயே அலகின் நுனியைச் சுடுதகட்டில் வெட்டிவிடுவது நாமக்கல் சீமை முழுக்க நடக்கிற வேலை. அதில் பாவாயியின் கைக்கு ஒரு பெயர் இருந்தது. அவள் வெட்டிய குஞ்சு கத்தாது என்பார்கள். அப்படிப்பட்டவள் அன்றைக்குப் பெட்டி பெட்டியாகத் திறந்து பார்த்தாள். எல்லாம் முகங்களாகவே இருந்தன. ஒன்றுக்குக்கூட வெட்ட ஒன்றுமில்லை.

பண்ணைக்காரர் அத்தப்பன் வந்தார். சர்க்கரை வியாதிக்காரர், நிதானமானவர். ஒரு குஞ்சை உள்ளங்கையில் வைத்துக் கொஞ்ச நேரம் பார்த்தார், அதுவும் அவரைப் பார்த்தது. அப்புறம் ஹேச்சரிக்குப் போன் போட்டார். அந்தப் பக்கத்தில் யாரோ பேசினார்கள். இவர் "சரிங்க, சரிங்க" என்று கேட்டுவிட்டு வைத்தார்.

"கோழிக்குஞ்சுன்னு கேட்டீங்க, கோழிக்குஞ்சு குடுத்தோம், மூஞ்சிக்கெல்லாம் நாங்க பொறுப்பில்லங்கறாங்க" என்றார் பாவாயியிடம். "என்ன பண்றது?"

"கூண்டுல விட்டுப் பாக்கலாமுங்க."

விட்டுப் பார்த்தார்கள். குஞ்சுகள் தீவனத்தைக் கொத்தவில்லை, பாயசம் போல நக்கிச் சாப்பிட்டன. சண்டை போடவில்லை. ஆனால் கம்பிக்குப் பின்னால் வரிசையாக நின்றுகொண்டு, போகிற வருகிறவர்களை முகம் திருப்பித் திருப்பிப் பார்த்தன. மத்தியானத்துக்குள் அத்தப்பனுக்கு அந்த ஷெட்டுக்குள் நடக்க முடியாமல் போயிற்று. "அலகு இருக்கறத அடைச்சு வெக்கலாம். மூஞ்சி இருக்கறத எப்படி அடைச்சு வெக்கறது? என்னமோ நான் தப்புப் பண்ணாப்பல பாக்குது. ஊருக்குள்ள ஆளுக்கொண்ணு எடுத்துட்டுப் போகச் சொல்லிருங்க" என்றுவிட்டு வீட்டுக்குப் போய்ப் படுத்துக்கொண்டார்.

இப்படித்தான் ஊஞ்சக்காட்டுப்பட்டியில் வீட்டுக்கு ஒரு முகக்குஞ்சு வந்து சேர்ந்தது. ஊர் அதை எப்படி எடுத்துக்கொண்டது என்றால், முதல் நாள் பார்த்தது, இரண்டாம் நாள் பேசியது, மூன்றாம் நாள் பெயர் வைத்தது. பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்குத் தோளில் வைத்துக்கொண்டு போனார்கள். கோழிக்குக் கன்னம் இருப்பதால் மை தொட்டுத் திருஷ்டிப் பொட்டு வைப்பது சுலபமாக இருந்தது. டீக்கடைக் கந்தப்பன், வாய் இருக்கிற ஜீவனுக்குத் தட்டில் ஊற்றினால் மரியாதையாக இருக்காது என்று தன் குஞ்சுக்கு டம்ளரில் ஊற்றினான்.

பாவாயி தன் குஞ்சை முந்தானையில் முடிந்துகொண்டு அண்ணன் வீட்டுக்குப் போனாள். புருஷன் காலமான பிறகு அவள் இருப்பது அண்ணன் பழனியப்பன் வீட்டில்தான். அவர் பேசாத மனிதர். காலையில் தோட்டத்துக்குப் போவார், சாயங்காலம் வருவார், சாப்பாட்டில் உப்பு எப்படி என்பதை மட்டும் சொல்வார். அவருக்கும் சேர்த்துப் பேச அவர் மனைவி நல்லம்மா இருந்தாள். அண்ணன் மனைவியை அந்தப் பக்கத்தில் நங்கை என்று கூப்பிடுவார்கள். நல்லம்மா நங்கை நல்லவள்தான். ஆனால் தண்ணீரில் வாழ்கிற எதுவும் அவள் வாசற்படியைத் தாண்டக்கூடாது. மீன் வாசம் பட்டால் அவளுக்குக் குமட்டும், நண்டு என்ற சொல்லைக் கேட்டாலே கையைக் கழுவுவாள். பாவாயி துணிப்பெட்டியோடு அந்த வீட்டுக்கு வந்த முதல் நாள், யாருக்கும் பாரமாக இருக்கக்கூடாது என்கிற நினைப்பில், "நண்டு மீனெல்லாம் எனக்கும் ஒத்துக்காதுங்க நங்கை" என்று சொல்லிவைத்தாள். அந்த ஒரு வாக்கியம் அப்படியே ஊர் முழுக்கப் பரவி உண்மையாகிவிட்டது.

குஞ்சின் முகத்தைப் பார்த்த நல்லம்மாவுக்கு மனசு உருகிப்போயிற்று. "கோழின்னா கொத்தும்னுதான் கிட்டயே சேத்தாம இருந்தேன். இது கொழந்தையாட்டம் இருக்குது" என்று சொல்லிப் பொன்மூஞ்சி என்று பெயர் வைத்தாள்.

கால்நடை மருத்துவர் நளாயினி ஸ்கூட்டரில் வந்தது அடுத்த வாரம். பண்ணையில் தரையிலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்து, பாவாயி கொண்டுவந்திருந்த பொன்மூஞ்சியை மடியில் ஏற்றிக்கொண்டு, ரொம்ப நேரம் அதன் முகவாயைத் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தாள். சந்தோஷத்தில் அவளுக்குக் காது சிவந்திருந்தது.

"முதலை மூஞ்சியில முன்னால ரெண்டு சின்ன எலும்பு இருக்கும்க்கா" என்றாள் பாவாயியிடம். "இந்தப் பக்கம் ஒண்ணு, அந்தப் பக்கம் ஒண்ணு. தனித்தனியா. பறவைகளோட முன்னோருக்கும் அப்படித்தான் இருந்துச்சு. கொஞ்சங் கொஞ்சமா அந்த ரெண்டும் நெருங்கி, ஒட்டி, ஒண்ணாகி, முன்னால நீண்டுச்சு. அதுமேல நகம் மாதிரி ஒரு ஓடு மூடிச்சு, பல்லு போயிருச்சு. அதுதான் அலகு. கோடிக்கணக்கான வருசத்து வேலை. இங்க தொட்டுப் பாருங்க. இதுக்கு இன்னும் ரெண்டும் ரெண்டாத்தான் இருக்குது."

பாவாயி தொட்டுப் பார்த்தாள். இருந்தது. தோலுக்கடியில் இரண்டு நெல்மணிகள் படுத்திருப்பது மாதிரி இருந்தது.

"இதுகளும் ஒட்டுமுங்களா?"

"ஒட்டும்போலத்தான் இருக்கு. இதுங்க ரொம்ப அவசரத்துல இருக்குதுங்க."

ரெண்டும் நெருங்கி, ஒட்டி, ஒண்ணாகி என்று டாக்டரம்மா சொன்ன அந்தச் சமயம் பார்த்து மாதேசன் வாசலில் வேனைப் பின்னால் எடுத்துக்கொண்டிருந்தான். பாவாயி கையிலிருந்த தண்ணீர்ச் சொம்பு நழுவி உருண்டது. ஏன் நழுவியது என்று அவள் தன்னையே கேட்டுக்கொள்ளவில்லை.

நளாயினி சொன்னபடியே, அந்த மாசத்துக்குள் ஊரில் அலகுகள் வரத் தொடங்கின. பற்கள் எள்ளாய் உதிர, எலும்புகள் நெருங்க, முகங்கள் நீள, ஒவ்வொரு வீட்டிலும் காலையில் எழுந்தவுடன் காப்பிக்கு முன்னால் கோழியைப் பார்க்கிற பழக்கம் உண்டாயிற்று. பார்த்தால் ஒரு வீட்டு அலகு மாதிரி இன்னொரு வீட்டு அலகு இல்லை. அந்தக் குஞ்சுகள் தங்கள் தட்டில் என்ன விழுகிறது என்று பார்த்து அலகு வளர்க்கவில்லை, தங்களை வளர்த்தவர்களின் விரலை நக்கி, விரலில் எந்த ருசி ஒட்டியிருக்கிறதோ அதற்கு ஏற்றபடி வளர்த்தன. டீக்கடைக் கந்தப்பனின் கோழிக்கு அகலமாக, வளைந்து, உள்ளே சீப்புப் பல் வைத்த அலகு வந்தது. அது டீத்தூளை அள்ளித் தண்ணீரை மட்டும் வடித்து விட்டது. அவன் வடிகட்டியைத் தூக்கி எறிந்துவிட்டு அதைக் கடையில் வேலைக்கு வைத்துக்கொண்டான். நிலக்கடலைக் காட்டுக்காரர்கள் வீட்டில் கிளியைப்போலத் தடித்த அலகு வந்தது. மாமியாரும் மருமகளும் ஒரே கூரைக்குக் கீழே தனித்தனி அடுப்பு வைத்திருந்த சாமாத்தா வீட்டில், கோழியின் மேலலகு வலப்பக்கமும் கீழலகு இடப்பக்கமும் போய்க் கத்தரிக்கோலாகக் குறுக்கே நின்றது. ஊர் பார்த்துச் சிரிக்கிறதே என்று அவர்கள் ஒரு வாரம் ஒரே அடுப்பில் ஆக்கித் தின்றார்கள். அலகு பாதி திரும்பி வந்தது. மீதியும் திரும்பட்டும் என்று அந்த ஒரே அடுப்பை அப்படியே விட்டுவிட்டார்கள்.

சைவத்தின் மேன்மையைப் பற்றி ஊரில் யார் வீட்டு விசேஷத்திலும் மைக்கைப் பிடித்துப் பேசுகிற சண்முகவடிவேல் வாத்தியாரின் கோழிக்குப் பருந்தின் கொக்கி அலகு வந்தது. வாத்தியார் இரண்டு நாள் வெளியே வரவில்லை. மூன்றாம் நாள் அதைத் தோளில் உட்காரவைத்துக்கொண்டு நேராகக் கறிக்கடைக்கு நடந்து போய், "நெஞ்சுக்கறியாப் பாத்துப் போடப்பா" என்று எல்லார் காதிலும் விழும்படி சொன்னார். அதற்குப் பிறகு அவர் முகமே தெளிந்துவிட்டதாகப் பேசிக்கொண்டார்கள். பண்ணைக்காரர் அத்தப்பன் வீட்டில் ஊசி மாதிரி நீண்டு வளைந்த தேன்சிட்டு அலகு. அவர் மனைவி அதைப் பார்த்துவிட்டு பீரோவைத் திறந்து, வேட்டி அடுக்குக்குப் பின்னாலிருந்த குலாப்ஜாமூன் டப்பாவை எடுத்து நடுக்கூடத்தில் வைத்தாள்.

கல்யாணத் தரகர் சீரங்கன்தான் இதிலெல்லாம் முன்னால் நின்றவர். பெண் பார்க்கக் கூட்டிக்கொண்டு வருகிறவர்களிடம், "ஜாதகத்த அப்புறம் பாத்துக்கலாமுங்க, மொதல்ல கோழியப் பாருங்க" என்பார். மாப்பிள்ளை வீட்டுக் கோழியையும் பெண் வீட்டுக் கோழியையும் எதிரெதிரே நிறுத்தி, அலகோடு அலகு வைத்துப் பார்த்து, இவர்கள் ஒரு தட்டில் சாப்பிடுவார்களா மாட்டார்களா என்று சொல்லிவிடுவார். அலகுப் பொருத்தம் என்று அதற்கு அவரே பெயரும் வைத்தார்.

இத்தனைக்கும் நடுவில் பழனியப்பன் வீட்டுப் பொன்மூஞ்சிக்கு மட்டும் அலகு வரவில்லை. இறகெல்லாம் முளைத்து, வால் நீண்டு, முழுக்கோழியாகியும் முகம் முகமாகவே இருந்தது. நல்லம்மா அதை இடுப்பில் வைத்துக்கொண்டு தெருத்தெருவாகப் போனாள். "எங்க வீட்டுல ஒளிவு மறைவில்ல. அதனாலதான் இதுக்கு அலகு தேவப்படல" என்று ஒவ்வொரு வாசலிலும் நின்று சொன்னாள். பாவாயி அதைக் கேட்கும்போதெல்லாம் விளக்குமாற்றைத் தேடிக்கொண்டு கொல்லைப்பக்கம் போய்விடுவாள்.

ஏனென்றால் விஷயம் இதுதான். வேன் வருகிற நாட்களில், பெட்டிகளெல்லாம் இறங்கி, மற்றப் பெண்கள் சாப்பிடப் போன பிறகு, பண்ணைக்குப் பின்னால் வாய்க்கால் கரையில் புங்கமரத்தடியில் மாதேசன் தூக்குப்போசியைத் திறப்பான். விடிகாலையில் ஆற்றில் தானே பிடித்து, தானே மிளகு அரைத்து வைத்த நண்டுக்குழம்பு அதில் இருக்கும். முதல்முறை அவன் மரியாதைக்குக் கேட்டான், அவள் மரியாதைக்கு ஒரு கால் வாங்கிக்கொண்டாள். அப்புறம் அது வழக்கமாயிற்று. அவன் கொடுக்கைப் பல்லால் கடித்து உடைத்து, உள்ளே இருக்கும் வெள்ளைச் சதையை முழுசாக உருவி அவள் பக்கம் நீட்டுவான். அவள் வாங்கிக்கொள்வாள். இரண்டு பேரும் வாய்க்காலைப் பார்த்தபடி சாப்பிடுவார்கள். அவளுக்கு அந்தச் சமயங்களில் காரணமில்லாமல் சிரிப்பு வரும். சும்மா சாப்பாடுதானே என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வாள்.

மாதேசனும் அந்தப் பெட்டிகளிலிருந்து ஒரு குஞ்சை எடுத்து வேனில் வைத்து வளர்த்தான். அதற்கு முதலிலேயே அலகு வந்துவிட்டது. கட்டையாக, தடியாக, நுனியில் கொஞ்சம் வலப்பக்கம் திருகி, குறடு மாதிரி. நண்டின் கொடுக்கை ஒரே இறுக்கில் உடைக்கிற அலகு. அது டிரைவர் சீட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வருவதை ஊரே பார்த்திருந்தது, ஆற்றுக்காரன் கோழி வேறு எப்படி இருக்கும் என்று விட்டுவிட்டது.

ஒரு காலையில் பாவாயி பொன்மூஞ்சியைத் தூக்கியபோது உள்ளங்கையில் எள் எள்ளாக என்னவோ உதிர்ந்தது. கட்டைவிரலால் முகவாயைத் தடவினாள். இரண்டு நெல்மணிகளும் ஒன்றாகியிருந்தன. அன்றைக்குச் சாயங்காலம் முகம் கூர்ந்தது, மறுநாள் ஓடு மூடியது, அதற்கடுத்த நாள் பாவாயி கொல்லையில் உட்கார்ந்து பார்த்தபோது, கட்டையாக, தடியாக, நுனியில் வலப்பக்கம் திருகி, மாதேசன் கோழியின் அலகை அச்செடுத்தது மாதிரி ஓர் அலகு அவள் முன்னால் திறந்து மூடியது. அவள் அதைத் தூக்கிக்கொண்டு போய்ப் பஞ்சாரத்தைக் கவிழ்த்து மூடி, மேலே ஒரு சாக்கைப் போட்டாள்.

"சளி புடிச்சிருக்குதுங்க நங்கை. காத்துப் படக்கூடாது" என்றாள்.

"ஐயோ பாவம்" என்று நல்லம்மா கஷாயம் வைக்கப் போனாள்.

ஊர்த் திருவிழாவான மாரியம்மன் நோம்பி நெருங்கிக்கொண்டிருந்தது. வழக்கமாக அதற்குக் கோழி அறுப்பார்கள். இந்த வருசம் ஒருவருக்கும் மனசு வரவில்லை. அதனால் ஒவ்வொரு வீட்டுக்காரரும் தங்கள் கோழிக்கு மாலை போட்டுக் கோயிலைச் சுற்றிக் கொண்டுவர வேண்டும், இப்படியெல்லாம் நடந்ததை ஆத்தாளும் கண்ணால் பார்க்கட்டும் என்று ஊர்க்கூட்டத்தில் முடிவானது. முதலில் பழனியப்பன் வீட்டு முகக்கோழிதான் போக வேண்டும் என்றும் முடிவானது. நல்லம்மா அதற்கென்று பட்டுத்துணியில் ஒரு சின்னப் பாவாடை தைக்க உட்கார்ந்தாள்.

"நோம்பிக்கு நானும் வரட்டுங்களா அம்மணி?" என்று மாதேசன் வாய்க்கால் கரையில் கேட்டான்.

"வேண்டாமுங்க. உங்க கோழியையும் ஊருக்குள்ள கொண்டாராதீங்க."

"சரிங்க" என்றான். கொடுக்கை உடைத்துச் சதையை உருவி, எப்போதும்போல அவள் பக்கம் நீட்டினான். அவள் வாங்கிக்கொண்டாள். அன்றைக்கு அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

நோம்பியன்றைக்குக் காலையில், ஊரே கோயிலில் இருந்த நேரத்தில், பாவாயி பொன்மூஞ்சியைச் சாக்குக்குள் வைத்துக்கொண்டு பண்ணைக்குப் போனாள். ஷெட்டில் ஆள் இல்லை. மிஷினின் சுவிட்சைப் போட்டாள். தகடு மெல்லச் சிவந்தது. யோசித்துக்கொண்டு வந்ததெல்லாம் சுலபமாகத்தான் இருந்தது. அடிவரைக்கும் வெட்டிவிட்டால் என்ன அலகு என்று யாருக்கும் தெரியாது, சளியில் அழுகி உதிர்ந்துவிட்டது என்றால் நங்கை நம்புவாள். ஊரிலேயே இதை வலிக்காமல் செய்யத் தெரிந்த கை அவளுடையது.

கோழியின் தலையைப் பிடித்துத் தகட்டுக்கு முன்னால் கொண்டுபோனாள். அது திமிறவில்லை. கண்ணை மூடிக்கொண்டு, அவள் கட்டைவிரலை அந்தக் குறட்டு அலகால், ஒரு பூவைப் பிடிப்பது மாதிரி, இறுக்காமல் பிடித்துக்கொண்டது. நண்டு ஓட்டைத் தூளாக்குகிற அலகு அது. அவள் விரல் அதற்குள் பத்திரமாக இருந்தது. எத்தனை குஞ்சுகளின் அலகை வெட்டியிருக்கிறாள், வெட்டியவுடன் அவை தீவனத் தட்டுக்கு முன்னால் நின்று, முன்பு எதை வைத்துச் சாப்பிட்டோம் என்று தெரியாதது மாதிரி எப்படி முழித்திருக்கின்றன என்பதெல்லாம் அந்த வெக்கையில் ஒன்றாக அவள் மேல் வந்து விழுந்தது. தானும் இத்தனை வருசமாக அப்படித்தான் ஒரு தட்டுக்கு முன்னால் நின்றிருப்பதாகத் தோன்றியது. கையை இழுத்துக்கொண்டாள். சுவிட்சை அணைத்தாள். அதே இடத்தில் தரையில் உட்கார்ந்து, எதற்கென்று தெரியாமல், வயிறு வலிக்கிற அளவுக்குச் சிரித்தாள். பொன்மூஞ்சி அவளைச் சுற்றி நடந்து, பக்கத்தில் கிடந்த பிளாஸ்டிக் பாட்டில் மூடியைக் கவ்வி ஒரே இறுக்கில் உடைத்தது.

அவள் அதற்குச் சாமந்தி மாலை போட்டு, சாக்கைத் தூக்கி எறிந்துவிட்டு, நடு ரோட்டில் நடந்து கோயிலுக்குப் போனாள்.

மேளம் அடித்துக்கொண்டிருந்தவர்கள்தான் முதலில் பார்த்தார்கள். மேளம் நின்றது. அலகு அலகாக எல்லாக் கோழிகளும் திரும்பின, ஆள் ஆளாக எல்லா முகங்களும் திரும்பின. கந்தப்பன் கிட்டத்தில் வந்து குனிந்து பார்த்துவிட்டு, "இது டிரைவர் கோழி அலகுல்ல?" என்றான்.

"நண்டு உடைக்கிற அலகுங்க இது" என்றார் தரகர் சீரங்கன், தொழில் பழக்கத்தில்.

கையில் பட்டுப் பாவாடையோடு நின்ற நல்லம்மா, "எங்க வீட்டுலயா? நண்டா?" என்று கேட்டாள். அப்போது கூட்டத்திலிருந்து பழனியப்பன் முன்னால் வந்தார். பொது இடத்தில் அவர் குரலைக் கேட்டவர்கள் அந்த ஊரில் குறைவு.

"நாந்தான். மோகனூர்ல பாலத்துக்கிட்ட ஒரு கடை இருக்குது. ரொம்ப நாளா அங்க தின்னுட்டு வர்றேன். என் கைய நக்கித்தான் இது இப்படி ஆயிருச்சு" என்றார்.

கூட்டம் மூச்சு விட்டது. நாலு பேர் சிரித்தார்கள். வாத்தியார் தன் பருந்தலகுக் கோழியைத் தடவிக்கொண்டே, "வெளிய சொல்லீட்டீங்கல்ல, இனிமே நிம்மதியா இருக்கும் பாருங்க" என்றார். நல்லம்மா தலையில் கை வைத்துக்கொண்டாள். மேளக்காரர்கள் மறுபடியும் குச்சியை எடுத்தார்கள். பாவாயிக்கு முன்னால் பாதை பெருக்கிவிட்டது மாதிரி சுத்தமாகக் கிடந்தது. அவள் வாயைத் திறக்கவே வேண்டியதில்லை. கோயிலை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வீட்டுக்குப் போய், வேன் வருகிற நாளுக்காகக் காத்திருந்தால் போதும்.

"அண்ணா, நீங்க இருங்க" என்றாள். "அது உங்க நண்டு இல்ல. என் நண்டு."

மேளக்குச்சி அப்படியே அந்தரத்தில் நின்றது.

"டிரைவரு குடுத்தாருங்க. வேன் வர்ற நாளெல்லாம் வாய்க்கால் கரையில உக்காந்து ரெண்டு பேருஞ் சேந்து சாப்பிடுவோம். நல்லா இருக்குதுங்க. இனியும் சாப்பிடுவேன்." சொல்லி முடித்த பிறகு அவளுக்கு உடம்பு காகிதம் மாதிரி லேசாகிவிட்டது. காற்று கொஞ்சம் பலமாக அடித்தால் கோயில் கோபுரத்துக்கு மேலே போய் உட்கார்ந்துவிடலாம் போல இருந்தது.

எல்லாரும் எதையோ தேடுவது மாதிரி சுற்றிப் பார்த்தார்கள். ஊர் எல்லையில், வேப்பமரத்துக்கு அந்தப்பக்கம், வரவேண்டாம் என்று சொல்லியிருந்தும் குஞ்சு வேன் நின்றிருந்தது. அதற்குப் பக்கத்தில் மாதேசன், புது வேட்டியில், கோழியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தான். ஊருக்குள் வரக்கூடாது என்றுதானே சொன்னாள், எல்லையில் நிற்கலாம் என்று அவனாக முடிவு செய்திருந்தான்.

"வாங்க" என்று பாவாயி கூப்பிட்டாள். அவன் வந்தான்.

ஊர் என்ன செய்யும் என்று அவளுக்குத் தெரியவில்லை. ஊருக்கும் தெரியவில்லை. ஓணான் முகத்தோடு வந்த குஞ்சுகளை மூன்று நாளில் பழகிக்கொண்ட ஊர் அது. அதனால் இதற்கும் யாராவது ஒருத்தர் ஆரம்பித்து வைத்தால் போதுமாக இருந்தது. தரகர் சீரங்கன் மேல்துண்டை உதறி இடுப்பில் கட்டிக்கொண்டு முன்னால் வந்து, இரண்டு கோழிகளையும் வாங்கி, கோயில் வாசல் கல்லில் எதிரெதிரே நிறுத்தினார். இரண்டும் ஒன்றையொன்று பார்த்தன. தலையைச் சாய்த்தன. ஒன்றின் அலகு வலப்பக்கம் திருகியிருக்க, எதிரில் நின்றதன் அலகும் அதற்கு நேராகத் திருகியிருக்க, இரண்டும் தாழ்ப்பாள் விழுவது மாதிரி டக்கென்று ஒன்றுக்குள் ஒன்று பொருந்தின.

"நான் பாத்ததுலயே இதுதானுங்க பொருத்தம்" என்றார் சீரங்கன்.

மேளம் தானாக ஆரம்பித்தது. நல்லம்மா மட்டும் அசையாமல் நின்றாள். பாவாயி அவளுக்கு முன்னால் போய் நின்றாள்.

"உனக்கு ஒத்துக்காதுன்னு சொன்னியே பாவாயி."

"உங்களுக்கு ஒத்துக்காதுங்கறதுக்காகச் சொன்னேனுங்க நங்கை."

நல்லம்மா கையிலிருந்த பட்டுப் பாவாடையைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். அப்புறம் குனிந்து அதைப் பொன்மூஞ்சிக்குக் கட்டிவிட்டு நிமிர்ந்தாள். "என் சமையக்கட்டுக்குள்ள ஏத்தக்கூடாது. வாசல்ல கல்லு கூட்டி ஆக்கிக்கங்க. வாசம் வராம தூரமா ஆக்கிக்கங்க" என்றாள். அந்தப் பக்கத்தில் ஒரு கல்யாணத்துக்கு இதைவிடத் தெளிவாக யாரும் சம்மதம் சொன்னதில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமையே மாதேசன் ஒரு கூடை நண்டோடு வந்தான். வாசலின் கடைக்கோடியில் மூன்று கல் கூட்டி, மிளகும் சீரகமும் வறுத்து அரைத்து அவன் ஆக்கினான், பாவாயி தீயைத் தள்ளினாள், நல்லம்மா முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு கதவுக்குப் பின்னால் நின்று, "உப்புப் பாத்தீங்களா" என்று கேட்டுக்கொண்டிருந்தாள். இலை போட்டார்கள். பழனியப்பனை நடுவில் உட்காரவைத்தார்கள், மோகனூர்ப் பாலத்துக்கடையில் வருசக்கணக்காகத் தின்ற ஆள் அல்லவா என்று மாதேசன் பெரிய கொடுக்காகப் பார்த்து அவர் இலையில் வைத்தான்.

பழனியப்பன் அதை எடுத்தார். இந்தப் பக்கம் திருப்பிப் பார்த்தார், அந்தப் பக்கம் திருப்பிப் பார்த்தார். மாதேசன் எப்படிச் சாப்பிடுகிறான் என்று ஓரக்கண்ணால் பார்த்தார், ஆனால் மாதேசன் அப்போது சோறு பிசைந்துகொண்டிருந்தான். கடைசியில் கண்ணை மூடிக்கொண்டு, கொடுக்கை ஓட்டோடு வாயில் போட்டு, முறுக்குக் கடிப்பது மாதிரி ஒரு கடி கடித்தார். பல் வழுக்கியது. முகம் கோணியது. வாயிலிருந்து எடுத்து, யாராவது பார்த்தார்களா என்று நிமிர்ந்தார்.

பாவாயி பார்த்துவிட்டாள். தன் வாழ்நாளில் ஒரு நண்டைத் தொட்டறியாத அந்த மனிதரை, கோயில் வாசலில் அத்தனை பேருக்கு முன்னால் வாய் திறந்து பேசிய அந்தப் பேசாத மனிதரை, அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். கண்ணில் நிறைந்த நீரை அடுப்புப் புகை என்று துடைத்துக்கொண்டாள். பக்கத்தில் நின்ற பொன்மூஞ்சியை மெல்ல அவர் இலைப்பக்கம் தள்ளிவிட்டாள்.

கோழி அவர் விரலிலிருந்து கொடுக்கை வாங்கிக்கொண்டது. டக். ஓடு இரண்டாகப் பிளந்து விழ, வெள்ளைச் சதை முழுசாக இலையில் கிடந்தது. பழனியப்பன் அதை எடுத்து வாயில் வைத்தார். மெல்லுவதை நிறுத்தினார். மறுபடி மென்றார். அவர் முகம், சுருக்கம் சுருக்கமாக, கொஞ்சங் கொஞ்சமாகத் திறந்தது.

"பாலத்துக் கடையில போடறதவிட நல்லா இருக்குதுங்களா?" என்று மாதேசன் பணிவாகக் கேட்டான்.

"உப்பு சித்தெ கம்மி" என்றார் பழனியப்பன் கனமான குரலில், இன்னொரு கொடுக்கை எடுத்துக் கோழியிடம் நீட்டியபடி.